மைக்செட் எரேமியா

கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே, மைக் முன்னால் நின்று பேசி அடி வாங்கியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மைக்குக்குப் பின்னால் உட்கார்ந்த இடத்திலேயே அடி வாங்கிய ஒரே மனிதர் மைக்செட் எரேமியாதான். மந்திரி பேசினால் கைதட்டுவார்கள், பாஸ்டர் பேசினால் ஆமென் சொல்வார்கள், எரேமியா பேசினால் சட்டையைப் பிடிப்பார்கள். இத்தனைக்கும் அவர் மைக்கை வாடகைக்கு விடுகிறவர். பேசச் சொல்லி அவரை ஒருத்தரும் அழைத்ததில்லை. அதை அவர் ஒரு குறையாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எனக்குக் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கணக்குப் பிரிவில் வேலை. குவார்ட்டர்ஸ் கிடைக்கும்வரை புதுப்பட்டினத்தில் வாடகை வீடு. எனக்குச் சத்தம் ஆகாது. பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தால்கூட முகம் கோணும் என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த தெருவோ, ஆடியில் அம்மனுக்குக் கூழ், டிசம்பரில் கிறிஸ்மஸ் கூட்டம், நடுவில் காதுகுத்து, கட்சிக் கொடியேற்றம் என்று வருஷம் முழுக்க அலறுகிற தெரு. எல்லாவற்றுக்கும் ஒரே மைக்செட்தான். சதுரங்கப்பட்டினத்திலிருந்து மீன்பாடி வண்டி என்கிற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், ஒரு லாரி பேட்டரி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, கடல்காற்றை எதிர்த்து மிதித்து வருவார் எரேமியா. கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, அதில் பேட்டரி ஆசிட் தின்ற ஓட்டைகள், கீழே லுங்கி. வயது ஐம்பது இருக்கும்.

ஊரில் உள்ள மற்ற மைக்செட்காரர்கள் எல்லாம் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' என்பார்கள். இவர் "ஐயோ… ஐயோ… ஐயோ…" என்பார். பைபிளில் தீர்க்கதரிசிகள் வாயைத் திறந்தால் முதலில் வருகிற வார்த்தை அதுதானாம். ஹலோ உதட்டிலிருந்து வருகிறது, ஐயோ வயிற்றிலிருந்து வருகிறது, ஆம்ப்ளிஃபயருக்கு வயிற்றிலிருந்து வருவதுதான் ஒத்துக்கொள்ளும் என்று தொழில் விளக்கமும் கொடுப்பார். திருவிடந்தையில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்திலும் இதையே செய்தார். முகூர்த்தத்துக்கு முன்னால், மண்டபமே நிறைந்திருந்த வேளையில், ஸ்பீக்கரில் "ஐயோ" என்று ஒரு குரல். மாப்பிள்ளையின் அத்தைக்குச் சோடா வாங்கிவரும்படி ஆகிவிட்டது. பெண்ணின் தாய்மாமன் அவரை மண்டபத்துக்கு வெளியே தென்னை மரத்தடியில் உட்கார வைத்து, ஜன்னல் வழியாக வயரை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டார். கல்யாணம் நன்றாகவே நடந்தது. மறுவாரமும் எரேமியா ஐயோ என்றுதான் டெஸ்ட் செய்தார்.

அவர் கிறிஸ்தவர். அந்தக் கடற்கரை ஓரம் எத்தனை சபைகள் உண்டோ அத்தனை சபைக் கூட்டத்திலும் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்து பிரசங்கம் கேட்டவர். தீர்க்கதரிசிகளின் கதைகள் எல்லாம் அவருக்குக் கேள்வி ஞானத்தில் அத்துப்படி. பெயர்கள்தான் குழம்பும். யாரை மீன் விழுங்கியது, யார் பேழை கட்டினது, யாருக்குக் காக்கை சாப்பாடு கொண்டுவந்தது என்பதெல்லாம் அவர் வாயில் நாளுக்கு ஒரு மாதிரி வரும்.

இது என் பக்கத்து வீட்டு ஜெபராஜுக்குப் பொறுக்கவே பொறுக்காது. ஜெபராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கல்பாக்கத்தில் டெக்னீஷியன். சின்ன வயதிலிருந்து பைபிள் வினாடி வினாவில் வாங்கிய கேடயங்கள் அவர் வீட்டு டிவி மேல் வரிசையாக நிற்கும். டிவி பார்ப்பதென்றால் கேடயங்களுக்கு மேலே கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். யாராவது வேத விஷயத்தில் ஒரு பெயரைத் தப்பாகச் சொல்லிவிட்டால், அவர் காலை மிதித்துவிட்டது போலத் துடிப்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்து திருத்திவிட்டுத்தான் மறுபடி உட்காருவார். அவர் சபைக்காரர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு என்றாலும் இவர் அளவுக்கு முற்றியவர் வேறு யாரும் இல்லை.

எரேமியா என்ற பெயர் வந்ததே ஜெபராஜ் திருத்தியதால்தான். ஊரில் ஒரு சமுதாயக் கூடம் கட்டித் திறந்தார்கள். மேடையில் பெரிய மனிதர்கள் வந்து உட்காரும் நேரம் பார்த்து நம்மவர் மைக்கைப் பிடித்து, மணலை அள்ளிப் போட்டுவிட்டு சிமெண்ட் என்று சொல்கிறவனுக்கு ஐயோ என்று முழங்கிவிட்டார். காண்ட்ராக்டரின் ஆட்கள் அவரை அப்படியே தூக்கிப்போய், பக்கத்தில் செப்டிக் டேங்குக்கு வெட்டி வைத்திருந்த குழியில் இறக்கினார்கள். இடுப்பளவு சேறு. உள்ளே நின்றுகொண்டு அவர், யோசேப்பையும் இப்படித்தான் சிங்கத்தோடு குழியில் போட்டார்கள் என்று ஊருக்கு அறிவித்துக்கொண்டிருந்தார். ஜெபராஜ் ஓடிவந்து துண்டை நீட்டி இழுத்தார். இழுக்கும்போதே, "யோசேப்பப் போட்டது வெறுங்குழிண்ணே. சிங்கம் தானியேலுக்கு. சேத்துக்குள்ள எறக்குனது எரேமியாவ" என்றார். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவர் எரேமியா. அப்பா அம்மா வைத்த பெயர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

குழியில் இறக்கினால் திருந்துகிற ஆளா அவர்? எங்கள் வீட்டுக்காரர் குடித்தனங்களுக்குத் தண்ணீர் மோட்டாரை அரை மணி நேரத்துக்கு மேல் போடமாட்டார். அவர் மாடி கட்டிக் கிருகப்பிரவேசம் வைத்தார். பாட்டுப் போட வந்த எரேமியா, இரண்டு பாட்டுக்கு நடுவில், குடிவந்தவன் வாயை வறள விட்டுவிட்டு மாடி கட்டுகிறவனுக்கு ஐயோ என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். வீட்டுக்காரர் அவரை விரட்டினார். ஆனால் மறுநாளிலிருந்து மோட்டார் ஓடியது. எங்கள் வீட்டில் எரேமியாவுக்கு அன்று முதல் காப்பி உண்டு.

பிரசங்கிகளிடம் அவர் வேலை வேறு மாதிரி. இந்த வருஷம் உனக்கு வீடு, அடுத்த வருஷம் உனக்கு வெளிநாட்டு விசா என்று யாராவது தீர்க்கதரிசனம் சொல்ல ஆரம்பித்தால் ஸ்பீக்கரில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கும். பெற்றவர்களைப் பட்டினி போடாதே, கூலியைப் பிடித்து வைக்காதே என்று சொன்னால் அடுத்த குப்பம்வரை கேட்கும். கேட்டால் வயரில் லூஸ் காண்டாக்ட் என்பார். ஒருநாள் டீக்கடையில் அவரை மடக்கி, தீர்க்கதரிசி என்றால் நடக்கப்போவதைச் சொல்கிறவர்தானே, அதைச் சொன்னால் உங்களுக்கென்ன வலிக்கிறது என்று கேட்டேன்.

"நாளைக்கு இன்னா நடக்கும்னு சொல்றதுக்கு ரோட்டோரத்துல கிளி கீது சார்" என்றார். "இன்னிக்கு நீ இன்னா பண்ணிகினு கீறேன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றான் பாரு, அவன்தான் தீர்க்கதரிசி. அத்தச் சொன்னா எவனும் டீ வாங்கித் தரமாட்டான்."

நான் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது ஜெபராஜின் மகள் ஷீபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு. ஒல்லிக்குச்சி, ஆனால் வாய் மட்டும் காது வரைக்கும். அந்த வயதிலேயே சர்க்கரை வியாதி வந்துவிட்டது. காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். ஜெபராஜே போடுவார். "மெதுவாப்பா, மெதுவாப்பா" என்று அது சொல்வது எங்கள் சமையலறையில் கேட்கும். போட்டு முடித்ததும் அவர் பின்பக்கம் வந்து, துணிக்கொடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா நிற்பார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

அந்த வருஷம் வெளியூரிலிருந்து ஒரு தீர்க்கதரிசி வந்தார். சுவரெல்லாம் போஸ்டர், திடலில் பந்தல், மூன்று நாள் மாலைக் கூட்டம். மைக்செட் எரேமியாவுடையது. முதல் நாள் வந்தவருடைய குரல் முக்கியமான இடங்களில் எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அவர் விவரமானவர். இரண்டாம் நாள் தன் ஆள் ஒருவரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார வைத்து, எரேமியாவை ஜெனரேட்டருக்குக் காவல் போட்டுவிட்டார். அன்றைக்கு லூஸ் காண்டாக்ட் எதுவும் இல்லை. மொட்டைமாடியில் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. மகளுக்காகக் கண்ணீர் விடுகிற ஒரு தகப்பன் இங்கே இருக்கிறார், வாரும் என்றார் அந்தத் தீர்க்கதரிசி. ஜெபராஜ் எழுந்து மேடைக்குப் போயிருக்கிறார். பிள்ளை குணமாகிவிட்டது, இனி ஊசி எடுத்தால் அது அவிசுவாசம், ஊசியை விட்டுவிடும் என்றார். கூட்டம் ஆமென் என்றது.

அன்று ராத்திரி ஊசி போடவில்லை. மருந்து ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. அந்தக் காலத்து ஃபிரிட்ஜுக்குப் பூட்டு உண்டு. ஜெபராஜ் பூட்டிச் சாவியை இடுப்புக் கயிற்றில் கட்டிக்கொண்டார்.

மறுநாள் காலையிலும் இல்லை. ஷீபாவின் அம்மா கிரேஸ் பின்பக்கச் சுவரோரம் வந்து என் மனைவியிடம் அழுதாள். நான் போய்ப் பேசினேன். ஆபீஸிலிருந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போயும் பேசினேன். ஜெபராஜ் கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அண்ணாச்சி, ரெண்டு வருசமா அவளக் குத்திக்கிட்டே இருக்கேன். ஆண்டவர் போதும்னு சொல்லிட்டாரு. நான் நம்பாட்டா வேற யாரு நம்புவா?" என்றார். அவர் சபை பாஸ்டரும் வந்து, டாக்டரையும் ஆண்டவர்தானே கொடுத்தார் என்று தன்மையாகச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஜெபம் செய்துவிட்டுப் போனார். அன்று மாலை பிள்ளை வாந்தி எடுத்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் கேட்டது. வாயாடிப் பிள்ளை வாயைத் திறக்காமல் படுத்திருந்தது.

அடுத்த நாள் விடிந்ததும் டீக்கடையில் போய் நான் புலம்பினேன். ஓரமாக உட்கார்ந்திருந்த எரேமியா பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் மீன்பாடி வண்டி எங்கள் தெருவுக்குள் வந்தது. ஜெபராஜ் வீட்டு வாசலுக்கு நேரே நிறுத்தி, கூம்பு ஸ்பீக்கரை ஜன்னலைப் பார்த்துத் திருப்பி, பேட்டரியில் வயரைச் சொருகினார்.

"ஐயோ. ஜெபராஜே, ஐயோ. மருந்த வூட்ல பூட்டி வெச்சிகினு புள்ளயப் படுக்கப் போட்டு கீற. ஞாயித்துக்கெழமைக்குள்ள இந்த வூட்ல அழுவுற சத்தம் கேக்கும்."

ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. தெரு கூடிவிட்டது. காலங்கார்த்தாலே பிள்ளை படுத்திருக்கிற வீட்டின் முன்னால் இதென்ன பேச்சு என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். ஒருவர் வயரைப் பிடுங்க வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தம் ஆகாத நான் ஸ்பீக்கருக்குக் காவல் நின்றது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். எரேமியா கொஞ்ச நேரம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு மூடிய ஜன்னலையே பார்த்தார். பிறகு, பிரசங்கம் செய்கிறவர்போல நிதானமாகக் கதை சொல்ல ஆரம்பித்தார்.

வழக்கம்போலப் பெயரைக் குழப்பி, நோவா மீன் வயிற்றுக்குள் இருந்தபோது என்று தொடங்கினார். ஜன்னலின் கொக்கி நகர்கிற சத்தம் கேட்டது. மோசே பேழைக்குள் மிருகங்களை ஏற்றியபோது என்றார். ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. கூட்டத்தில் இருந்த ஒரு சபைக்கார அம்மா வாயை மூடிக்கொண்டு தவித்தாள். "சாலொமோன் ராஜாவுக்குக் கட்டி வந்து சாவக் கெடந்தப்போ, எலியா வந்து வாழப்பழத்த மசிச்சி அது மேல வெச்சி கட்னாரு" என்றதும் கதவே திறந்துவிட்டது.

ஜெபராஜ் வாசலுக்கு வந்தார். ராத்திரியெல்லாம் தூங்காத கண். "அண்ணே, வேதத்த இப்படி நாசம் பண்ணாதீங்க. அது சாலொமோன் இல்ல, எசேக்கியா. எலியா இல்ல, ஏசாயா. வாழப்பழம் இல்ல, அத்திப்பழம்" என்றார்.

எரேமியா மைக்கைக் கீழே வைத்துவிட்டார். வாயால்தான் கேட்டார். "சரிப்பா. அத்திப்பழம். கட்னது நெசமா?"

"நெசந்தான்."

"கட்டச் சொன்னது தீர்க்கதரிசிதான?"

"ஆமா."

"அதுக்கு முந்தியே ஆண்டவரு சொஸ்தமாக்குறேன்னு சொல்லிட்டாரா, இல்லியா?"

"சொல்லிட்டாரு."

"அப்பால எதுக்குப்பா பழம்?"

ஜெபராஜ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். எந்தக் கேள்விக்கும் மற்றவர்களுக்கு முன்னால் பதில் சொல்லிக் கேடயம் வாங்கியவர் அவர். உள்ளே பிள்ளை முனகுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"ஏசாயாவுக்கு நம்பிக்க இல்லியா, ஜெபராஜு?" என்றார் எரேமியா, ரொம்ப மெதுவாக.

ஜெபராஜின் கை இடுப்புக்குப் போனது. கயிற்றின் முடிச்சு அவருக்கு அவிழவில்லை. கிரேஸ் ஓடிவந்து பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த சில நிமிஷத்தில் நான் ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தேன். மருந்துப் புட்டியைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ஜெபராஜ் அழுத அழுகையை என்னால் மறக்க முடியாது. டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் எல்லாரையும் சேர்த்துத் திட்டினார். எனக்கும் விழுந்தது. திட்டிக்கொண்டே டிரிப் ஏற்றினார்.

எரேமியா உள்ளே வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் புங்க மரத்தடியில் வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜெபராஜும் நானும் வெளியே வந்தோம். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். கேட்கப் பயந்து நின்றார்.

"அண்ணே, இட்லி சாப்பிட்டுட்டா. இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாம்னுட்டாவ" என்றார் ஜெபராஜ்.

எரேமியா துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அடி வாங்கியபோதும் குழியில் நின்றபோதும் அழாத மனுஷன். பேச்சை மாற்றலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது, நீங்கள் சொன்னது பலிக்கவில்லையே என்று சீண்டினேன்.

"பலிக்கக் கூடாதுன்னுதான சார் கத்துனேன்" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "சொன்னது நடந்துபோச்சின்னா நான் கத்தி இன்னா பிரயோஜனம்?"

யோனா சொன்னதும் நினிவே பட்டணத்தில் பலிக்கவில்லை, ஜனங்கள் திருந்தித் தப்பித்துக்கொண்டார்கள், அதற்காக யோனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான் என்று ஜெபராஜ் தன்னையறியாமல் ஆரம்பித்தார். எரேமியா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அத்திப்பழ ராஜாவின் பெயர் அன்றைக்கு நிஜமாகவே உங்களுக்குத் தெரியாதா, இல்லை வேண்டுமென்றே மாற்றினீர்களா என்று நான் இடையில் கேட்டேன். "எந்த ராஜாவா இருந்தா இன்னா சார், கட்டி கட்டிதான்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

மத்தியானம் பிள்ளையை விட்டார்கள். நான் ஆட்டோ பேசி வைத்திருந்தேன். ஷீபாவோ மீன்பாடி வண்டியில்தான் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றது. வாய் திரும்பிவிட்டது என்பதிலேயே எங்களுக்குச் சந்தோஷம். யாரும் மறுக்கவில்லை. எரேமியா தன் துண்டை மடித்துப் பலகைமேல் போட்டார். கிரேஸ் ஏறி உட்கார்ந்து பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டாள். ஜெபராஜும் நானும் இரண்டு பக்கமும் நடந்தோம். டவுன்ஷிப் கேட் தாண்டுவதற்குள் பிள்ளை தூங்கிவிட்டது.

பின்னால் ஒரு ஸ்டாஃப் பஸ் வந்து ஹாரன் அடித்தது. எரேமியா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி இறங்கினார். போச்சு, டிரைவருக்கு இன்றைக்கு ஐயோதான் என்று நினைத்தேன். அவர் திரும்பி, உதட்டில் விரலை வைத்து, மடியில் கிடந்த பிள்ளையைக் காட்டி, இரண்டு கையையும் எடுத்து டிரைவரைக் கும்பிட்டார். பஸ் சத்தமில்லாமல் எங்களைக் கடந்து போனது. மறுபடி ஏறி மிதித்தவர் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. அந்த மனுஷனை அங்கேயே நடுரோட்டில் கட்டிப் பிடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது எனக்கு.